சொற்சான்று அனுப்பியவர்களுக்கு நன்றி

பழைய நூல்களில் ஒரு சொல் வந்த இடத்தை, தமிழ்ச் சொற்களின் வரலாற்றுக்குச் சான்றாகத் தேடி அனுப்பிய அன்பர்கள் அனைவருக்கும் அகராதிக் குழுவின் வணக்கமும் நன்றியும்.

ஒரு சான்றுக்கு மூன்று படம் எடுத்தவர்களால் எங்கள் வேலை பாதியாகக் குறைந்தது: தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், சொல் வரும் பக்கம். எத்தனையாம் பதிப்பு என்பது பெரும்பாலும் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கும். மறுபதிப்பில் பழைய சொல்லை எடுத்துவிட்டுப் புதிய சொல்லைப் போடுவதுண்டு. அதை முதற்பதிப்பின் ஆண்டில் பதிந்தால் சொல்லுக்கு இல்லாத வயது ஏறிவிடும்.

வாக்கியத்தை முழுதாக, முந்தைய வாக்கியத்தோடு எழுதியவர்களுக்கு மிக்க நன்றி. 'நாற்றம்' ஒருகாலத்தில் நறுமணம், இன்று கெட்ட வாடை. 'நாற்றம் வீசியது' என்று மட்டும் எழுதிய ஒரு சான்றுச் சீட்டு வந்தால் எந்தப் பொருளில் வைப்பது? அருகில் இருப்பது மல்லிகையா சாக்கடையா என்று தெரிந்தால்தான் பொருள் எப்போது திரும்பியது என்று காட்ட முடியும்.

'பார்த்திப வருஷம்' என்று அச்சிட்ட நூல் 1885-ஐச் சேர்ந்ததா, 1945-ஐச் சேர்ந்ததா? அறுபதாண்டுச் சுற்றில் இரண்டும் பார்த்திபதான். அதே நூலில் கலி ஆண்டைத் தேடிப்பிடித்து, 3101-ஐக் கழித்துக் கி.பி. ஆண்டைச் சரிபார்த்தவர்களின் பொறுமை பெரிது.

கணினித் தேடலோடு நிற்காமல் பக்கம் பக்கமாகப் புரட்டியவர்களும் உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் 'றா', 'னை' எல்லாம் வேறு வடிவம். மென்பொருள் அங்கே தடுமாறுவதால், கண்ணெதிரே இருக்கும் சொல்லும் தேடலில் சிக்காது.

1879-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக அதன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களிடம் சான்று கேட்டார். அதுவரை சேர்ந்திருந்த சீட்டுகளில் 'அப்யூஷன்' (abusion) என்ற அரிய சொல்லுக்குச் சுமார் 50 சான்று. 'அப்யூஸ்' (abuse) என்ற அன்றாடச் சொல்லுக்கு 5 கூட இல்லை. படிப்பவர் கண் புதுமையில்தான் நிற்கும், என்ன செய்ய! அதனால்தான் துண்டறிக்கையிலும் சமையல் குறிப்பிலும் இருந்து சாதாரணச் சொற்களை எடுத்துத் தந்தவர்களை நெஞ்சார வாழ்த்துகிறோம்.

முன்பக்கங்கள் கிழிந்த நூல் கையில் இருப்பவர்கள் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். அச்சகத்தின் பெயர் இருந்தால் அதையும் படமெடுத்து அனுப்புங்கள். சொல்லின் கீழ் பென்சிலால்கூடக் கோடு போட வேண்டாம். பக்க எண்ணும் வரி எண்ணும் போதும்.