லாகீசு இருந்த இடம் அதுவல்ல

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்பில், பழைய யூதா நாட்டின் அரணான லாகீசு பட்டணம் இருந்த இடம் டெல் எல்-ஹெசி என்று போட்டிருக்கிறீர்கள், அது பழைய கணிப்பு. 1929இல் அமெரிக்கத் தொல்லியல் ஆய்வாளர் ஆல்பிரைட் சொன்ன பிறகு, எருசலேமுக்குத் தென்மேற்கே சுமார் 40 கி.மீ. தள்ளியுள்ள டெல் எத்-துவெய்ர் மேடுதான் லாகீசு என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கி.மு. 701இல் மதிலை உடைக்க அசீரிய அரசன் சனகெரிப்பின் படை கல்லைக் கொட்டி எழுப்பிய சரிவுப்பாதை இன்னும் அங்கே கிடக்கிறது.

அப்புறம், முக்கியமானதையே விட்டுவிட்டீர்களே! 1935இல் கோட்டை வாசலில் கிடைத்த பானை ஓடுகளில் ஒன்றில், லாகீசின் தீ அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்கா (இன்னொரு யூதா பட்டணம்) கண்ணுக்குத் தெரியவில்லை என்று யாரோ மையால் எழுதியிருக்கிறார். பைபிளில் எரேமியா 34:7இல், பிற்பாடு பாபிலோன் படையெடுத்தபோது யூதாவில் கடைசியாக மிஞ்சிய அரணான பட்டணங்களும் இதே இரண்டுதான். படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தயவுசெய்து திருத்தம் போடுங்கள்.