எட்டு எங்கே போச்சு?

பெரிய பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். கோத்தகிரியில் மூன்று நாளாக உறைபனி. பள்ளத்துப் பக்கம் கொழுந்து கருகிவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி வழக்கம்போல. நீ ராத்திரி கண்விழிக்காதே. சுடுதண்ணீர் குடி.

இந்த மாதம் பணம் ரெண்டு பங்காக வந்திருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆறாவது படிக்கும்போது கொழுந்து எடை போடுகிற இடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் 12345679 என்று எழுதினாயே, ஞாபகம் இருக்கிறதா? 9ஆல் பெருக்கினால் ஒன்பது 1 வருது, 18ஆல் பெருக்கினால் ஒன்பது 2 வருதுன்னு குதித்தாய். "ஆனா 8 எங்கேப்பா போச்சு?" என்றாய். ஆளுங்க கூடையோடு நிக்கிறாங்க, பேசாம இரு என்று அதட்டினேன்.

கணக்குப்பிள்ளை வீட்டில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியது நீ ஒருத்திதான். தம்பியும் வாங்கவில்லை, நானும் வாங்கவில்லை. அப்படிப்பட்டவளுக்கு வாரம் ஒரு போன் போட முடியவில்லை.

இப்போது எனக்கு வேலையா வெட்டியா, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த எண்ணைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். 2ஆல் பெருக்கினால் 24691358, 7 இல்லை. 4ஆல் பெருக்கினால் 5 இல்லை. 8ஆல் பெருக்கினால் 98765432, ஒன்பதிலிருந்து இறங்கு வரிசை, 1 இல்லை. பெருக்குகிற எண்ணையும் காணாமல் போனதையும் கூட்டினால் 9. எட்டு வரைக்கும் மூன்றுக்கும் ஆறுக்கும் மட்டும் இது பலிக்காது. 3ஆல் பெருக்கினால் 37037037 என்று அது வேறு தாளம்.

1ஐ 81ஆல் வகுத்தால் 0.012345679012345679 என்று போய்க்கொண்டே இருக்கும். 1, 2, 3 என்று வரிசையாக ஒவ்வொரு இடம் தள்ளி எழுதிக் கூட்டினால் வருவதுதான் அது. 9 வரை தொந்தரவில்லை. 10 வந்ததும் இடம் பத்தாமல் அதன் 1 முன்னால் இருக்கிற 9 மேல் ஏறுகிறது. அந்த 9 பத்தாகி, தன் 1ஐ எட்டின் மேல் ஏற்றுகிறது. 8 எங்கேயும் போகவில்லை, பாப்பா. அங்கேயேதான் நிற்கிறது. பின்னால் வந்தவர்கள் ஏறியதில் 9 ஆகிவிட்டது.

நீ எம்.எஸ்ஸி. கணக்குக்கு கோயம்புத்தூர் போகணும் என்ற வருஷம், சீட்டுப் பணம் இன்னும் விழவில்லை என்று சொன்னேன். விழுந்திருந்தது. தம்பி படிப்புக்கு என்று எடுத்து வைத்துவிட்டேன். அம்மாவுக்கும் தெரியாது. நீ மறுபேச்சு பேசாமல் அந்த வாரமே வேலைக்குப் பெட்டி கட்டினாய்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான், அவனிடமும் சொல்லப்போகிறேன். கீழ் வீட்டுப் பையன் பெங்களூர் வருகிறான். வர்க்கி ரெண்டு பாக்கெட், உன் நீல ஸ்வெட்டர், அந்தப் பேரேட்டுப் பக்கம் மூன்றையும் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். ராத்திரி கண்விழிக்காதே.

அப்பா