உன் கடிதம் என் மேசையில் கிடந்த கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. படிக்கப் பத்து நிமிடம், பதில் எழுத அரை மணி நேரம். மற்ற நாளெல்லாம் அது என் மேசையில் கிடந்தது. திட்டுவதற்கு முன் ஒன்றைக் கேள், இப்படிக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டதே போன மாதம்தான்.

எங்கள் அலுவலகத்துக்கு 'லீன்' முறை வந்திருக்கிறது, அதாவது வேலையில் வீணாகும் நேரத்தையும் உழைப்பையும் குறைக்கும் முறை. சிரிக்காதே. நானும் சிரித்தவன்தான். டொயோட்டா தொழிற்சாலையில் டாயிச்சி ஓனோ கார் செய்வதற்காக வகுத்த முறைக்கும், கோப்பில் கையெழுத்துப் போடுகிறவனுக்கும் என்ன சம்பந்தம்? நம் பழைய பச்சை மை அதிகாரியாக இருந்தால் அதையும் மூன்று பிரதி கேட்டிருப்பார்.

பயிற்சியாளர் ஒரே ஒரு விண்ணப்பத்தை எடுத்து, அது போன வழியெல்லாம் எங்களை நடக்கவைத்தார். மேசைக்கு மேசை இரண்டே கேள்வி: வேலை நடந்தது எவ்வளவு நேரம், சும்மா கிடந்தது எவ்வளவு நேரம்? உள்ளே வந்து வெளியே போக 19 நாள். கை பட்டது மொத்தமே 40 நிமிடம். ஒரே விவரத்தை இரண்டு பேர் சரிபார்த்ததும் அதில் அடக்கம். அதிக நாள் தூங்கிய இடம் எது தெரியுமா? என் மேசை. ஆறு நாள்! எல்லாவற்றையும் சேர்த்துவைத்து வெள்ளிக்கிழமை ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவேன். அதைச் சுறுசுறுப்பு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

60 கோப்புகள் காத்திருக்க, நாளுக்கு ஐந்து முடிந்தால், இன்று வந்து வரிசையில் நிற்பது வெளியேறப் பன்னிரண்டு நாளாகும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இது. இதற்கு யாரும் சோம்பேறியாக இருக்க வேண்டியதே இல்லை. இப்போது தினமும் இரண்டு வேளை கையெழுத்துப் போடுகிறேன். மேசையின் மரம் கண்ணுக்குத் தெரிகிறது!

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது இந்தப் பெருமைக்காக அல்ல. யாரிடம் எத்தனை நாள் கிடந்தது என்று பெயர்வாரியாகப் பட்டியல் வேண்டுமாம் மேலதிகாரிக்கு. டொயோட்டா குழுமத்தைத் தொடங்கிய சாகிச்சி டொயோடாவின் தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். பழுது அங்கேயே தெரியட்டும் என்பதற்காக அப்படிச் செய்தார். கார் தொழிற்சாலையிலும் குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். எங்கள் இடத்திலோ, நூல் அறுந்தது என்று சொன்னவனின் பெயரைக் குறித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். விளைவு உடனே தெரிந்துவிட்டது. போன வாரம் நான்கு நாள் கிடந்த கோப்பை ஒருவர் ஒரு நாள் என்று எழுதினார். வீட்டுக் கடன் இருக்கிறவர். பார்த்தேன், பேசாமல் வந்துவிட்டேன். அன்றிரவு தூக்கமில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் என் ஆறு நாளை நானே எழுந்து சொல்லிவிட்டு, பெயர்ப் பட்டியல் வேண்டாம் என்று கேட்கலாமா? கேட்டால் என் தலை உருளுமா? நீ இதைவிடப் பெரிய ஆட்களோடு சண்டை போட்டவன். யோசித்து எழுது.

வீட்டில் எல்லோரும் நலம். பதிலை வெள்ளிக்கிழமைக்கென்று சேர்த்துவைக்காதே.

அன்புடன்,
உன் ஆறு நாள்காரன்