குலசேகரத்திலிருந்து அம்மா

மக்களே,

நீ அனுப்பிய படம் வந்தது. கூந்தல் பனை பிழைத்துவிட்டதில் அப்பாவுக்கு ஒரே பெருமை. ரப்பர் பால்வெட்டுக்குப் போன இடத்தில் எல்லாரிடமும் போனை நீட்டிக் காட்டியிருக்கிறார். அவ்வளவு தூரம் ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோன கன்று அல்லவா! இலை விளிம்பு பிய்ந்து பிசிறாக இருப்பதைப் பார்த்துப் பூச்சி என்று மருந்து அடித்துவிடாதே. இதன் இலை விரியும்போதே அப்படித்தான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த துளசி காய்ந்து கிடக்கிறது. அது மருமகள் வைத்த துளசி. வாசலில் உன் செருப்பு மட்டும் கிடந்தது. அங்கே வெயில் அதிகமோ என்னவோ.

கன்றைத் தொட்டியில் ரொம்ப நாள் வைக்காதே. வேர் சுற்றிக்கொண்டால் பிறகு மண்ணுக்கு மாற்றும்போது தாங்காது. மழை தொடங்கியதும் தரையில் வை. சின்னதில் நேர் வெயில் பட்டால் இலை கருகும், கொஞ்சம் நிழல் வேண்டும். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது, மண் காயவும் கூடாது. நீ நைட் ஷிப்ட் போனால் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, அந்த சம்ப் பக்கத்தில் வைக்கப்போவதாகச் சொன்னாய். வேண்டாம். ஓலை ஒன்றே 10, 12 அடி வரும், மரம் 50 அடிக்கு மேலும் போகும். அதோடு பழம் உதிரும். அதன் சதை சேனைக்கிழங்கு மாதிரி அரிக்கும், கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் காரணம். வெறுங்கையால் தொடக் கூடாது, சிறுபிள்ளைகள் வாயில் வைத்துவிடவும் கூடாது. பூக்க 10, 15 வருஷம் ஆகுமே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பாய். அந்த வீட்டுக்கு 20 வருஷக் கடன் வாங்கியிருக்கிறாய், அதற்குள் பூத்துவிடும். இந்த வயதில் சொந்த வீடு கட்டியவர் நம் குடும்பத்தில் யாரும் இல்லை. ஆனால் வீடு கட்டினால் மட்டும் போதுமா, அதில் ஆட்கள் ஓடியாடி இருக்க வேண்டாமா?

நர்சரிக்காரர் கொத்தாக முளைத்த கன்றைக் காட்டி, எல்லா ஃபிஷ்டெயில் பாமும் (கூந்தல் பனைக்கு இங்கிலீஷ் பேர்) ஒன்றுதான் என்றாராமே. இல்லை. கொத்தாக வருவது தாய்லாந்து, மலேசியாப் பக்கத்து வகை. அதில் ஒரு தண்டு பூத்துக் காய்ந்தாலும் பக்கத்தில் இன்னொன்று எழும்பும். நம்முடையது ஒற்றைத் தண்டு. குருத்து ஒன்றுதான், அதில் கத்தி பட்டால் மரம் போச்சு. ஓலை நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டினால் போதும். அவசரப்பட்டு எதையும் வெட்டாதே.

நம் கிணற்றடிக் கூந்தல் பனை கடைசிக் குலைக்கு வந்துவிட்டது. நீ பெங்களூர் போன வருஷம் உச்சியில் முதல் பாளை வெடித்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. இதுவும் பழுத்து முடிந்தால் மரம் பட்டுப்போகும். அப்பா வெட்டிவிடலாம் என்கிறார். வெளிப்பக்கம் நல்ல வைரம், உள்ளே மெத்தென்ற சோறு. தாத்தா இந்த மாதிரித் தண்டைக் குடைந்துதான் வயலுக்குத் தண்ணீர் விட்டார். நான் வேண்டாம் என்றேன். ராத்திரியில் மரநாய் பழம் தின்ன வருகிறது, கடைசிப் பழம் வரைக்கும் நிற்கட்டும். மருமகள் முதல்முறை வந்தபோது அதன் அடியில் நின்று தொங்கும் குலையை அண்ணாந்து பார்த்து, "அத்தை, என் முடியைவிட நீளம்" என்று சடையைத் தூக்கிக் காட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா?

உன்னிடம் இருப்பது அந்த மரத்து விதைதான். முளைக்க மாதக்கணக்கில் ஆனது. எனக்கே நம்பிக்கை விட்டுப்போனது. அவள்தான் ஒவ்வொரு போனிலும் "முளைத்துவிட்டதா அத்தை?" என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை. நானும் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவள் குளிக்கிறாள், தூங்குகிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்கிறாய்.

தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள். சம்ப் பக்கம் வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு, படத்தில் கை மெலிந்து தெரிகிறது. குழி எடுக்கிற அன்றைக்கு அவளையும் கூப்பிட்டு, அவள் கையால் நடச் சொல். அவள் எங்கே இருந்தாலும் கூப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுகிறேன். போனை அவளிடமும் கொடு. செடியைப் பற்றித்தான் பேசுவேன், வேறொன்றும் கேட்கமாட்டேன்.

அம்மா