ஆன் மேயர்ஸுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஆன் மேயர்ஸ் டிரைஸ்டேல் அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரியும். ஆனாலும் இதை உங்களிடம் சொல்வதுபோல எழுதினால்தான் எனக்கு வரும்.

பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சாதனையாளர்களின் கௌரவப் பட்டியலில், புதியவர்களைச் சேர்க்கும் செய்தி வரும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது யு.சி.எல்.ஏ., தன் ஹால் ஆஃப் ஃபேமை 1984இல் தொடங்கியபோது முதல் பட்டியலில் 25 பேர் இருந்தார்கள். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், பாஸ்கெட்பால் பயிற்சியாளர் ஜான் வுடன், பாஸ்கெட்பால் வீரர் கரீம் அப்துல் ஜப்பார். யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாத பெயர்கள். ஆனால் அந்த 25 பேரில் ஒரு பெண்கூட இல்லை. உங்கள் பெயர் அங்கே ஏறியது 1988இல். நீங்கள் அந்தக் கல்லூரிக்காகப் பாஸ்கெட்பால் ஆடி முடித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது.

அந்தப் பத்து வருடத்தைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

1974இல் யு.சி.எல்.ஏ. நான்கு வருட முழு விளையாட்டு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்த முதல் பெண் நீங்கள். கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு என்ற ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. உங்கள் அக்கா பாட்டி 1970இல் ஃபுல்லர்டன் கல்லூரிக்காக ஆடி தேசியப் பட்டம் வென்றபோது அந்தச் சட்டமும் இல்லை. நீங்கள் சேர்ந்த அதே வருடம் உங்கள் அண்ணன் டேவ் அங்கே ஆண்கள் அணியின் கேப்டன். 1975இல் அவர்கள் தேசியப் பட்டம் வென்றார்கள், ஜான் வுடனின் கடைசிப் பட்டம் அது. பதினொரு பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து வந்த அண்ணனும் தங்கையும் ஒரே கல்லூரி, ஒரே அரங்கம்.

1978 பிப்ரவரி 18. ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டின் பல்கலைக்கழக அணியோடு ஆட்டம். உங்கள் கணக்கில் 20 புள்ளிகள், 14 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (தோழி புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது), 10 ஸ்டீல் (எதிராளியின் பந்தைப் பறிப்பது). பாஸ்கெட்பால் ஆடியவர்களுக்குத்தான் இந்த எண்களின் கனம் தெரியும். ஒன்றில் இரட்டை இலக்கம் வருவது நல்ல நாள். இரண்டில் வந்தால் பெரிய நாள். நான்கிலும் என்றால், ஆட்டம் முழுக்கப் பந்து எங்கே போகிறதோ அங்கே அந்தப் பெண் நின்றிருக்கிறாள் என்று அர்த்தம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்த 10 ஸ்டீல்தான். புள்ளி எடுப்பதற்குக் கை வேண்டும். எதிராளியின் பந்தைப் பறிக்க, அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது அவளுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் 25ஆம் தேதி, சொந்த அரங்கமான பாலி பெவிலியனில் மேரிலாண்டை 90க்கு 74 என்று வென்று தேசியப் பட்டம். பயிற்சியாளர் பில்லி மூர். உங்கள் அக்காவின் ஃபுல்லர்டன் அணியை ஜெயிக்க வைத்த அதே பில்லி மூர்!

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்தப் பட்டத்தை நடத்தியது பெண்கள் விளையாட்டுக்காகவே இருந்த ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சங்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய சங்கமான என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான கூடைப்பந்துப் பட்டப்போட்டியைத் தொடங்கியதே 1982இல்தான். அதனால் என்.சி.ஏ.ஏ. பட்டங்களை எண்ணும்போது உங்கள் 1978 அதில் வராது. நீங்கள் ஆடியபோது எண்ணுவதற்கே ஆள் இல்லை, அது உங்கள் குற்றமா?

1979இல் இண்டியானா பேசர்ஸ் உங்களோடு ஒப்பந்தம் போட்டதைத்தான் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. ஆண்களின் தொழில்முறை பாஸ்கெட்பால் லீகான என்.பி.ஏ.வின் அணி ஒன்றுடன் ஒப்பந்தம் போட்ட முதல் பெண். சரி, அது பெரிய விஷயம்தான். எனக்கு அதைவிட 1990 பெரியது. பாலி பெவிலியனில் நான்கு ஜெர்சி எண்களை இனி யாரும் அணியக்கூடாது என்று மரியாதையோடு ஓய்வு கொடுத்தார்கள்: கரீமின் 33, பில் வால்டனின் 32, டெனிஸ் கரியின் 12, உங்கள் 15. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒரே உயரம்.

இன்னொருவரைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். உங்களுக்கு ஏறக்குறைய இருபது வருடம் முந்தி அதே யு.சி.எல்.ஏ.வில் படித்தவர். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். அந்தப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம். சிறுவயதில் உங்களுக்கும் உயரம் தாண்டுதலில்தான் ஒலிம்பிக் கனவு இருந்தது என்று படித்தபோது எனக்கு உடனே அவர் நினைவுதான் வந்தது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நானும் கல்லூரியில் பாஸ்கெட்பால் ஆடியவள், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு. சிறிய கல்லூரி, சிமெண்ட் தரை, மழை பெய்தால் ஆட்டம் கிடையாது. முதல்வர் அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. ஆண்கள் வென்ற கோப்பைகளுக்குப் பக்கத்தில் அணியின் புகைப்படமும் பெயர்களும் இருக்கும். எங்கள் மண்டலக் கோப்பை கீழ்த்தட்டில், பெயர் எதுவும் இல்லாமல் இருந்தது. அன்று அது எனக்குத் தப்பாகவே படவில்லை. கோப்பை அங்கே இருப்பதே போதும் என்று நினைத்தேன்.

உங்கள் 1988ஐப் பற்றிப் படித்த பிறகுதான் கல்லூரிக்குப் போய்க் கேட்டேன். இப்போதைய பி.டி. மேடம் சின்னப் பெண். “அக்கா, போட்டோவும் பேரும் கொண்டுவாங்க, நானே மாட்டுறேன்” என்றாள். புகைப்படம் ஒரு தோழியின் வீட்டுப் பரணில் கிடைத்துவிட்டது. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேரின் முழுப்பெயரும் எழுதிவிட்டேன். மற்ற மூவரைக் கல்யாணம் ஆகிப் போன ஊர்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு பாயிண்ட் கார்டு