கிராகோவில் என் போஸ்டரைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு

அன்புடையீர்,

போலந்தின் கிராகோ நகரில், யாகெல்லோனியப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் நியூரோனஸ் மாநாட்டுக்குப் போய்விட்டு ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. முதலில் காய்ச்சல் படுக்க வைத்தது. பிறகு, இரண்டு வருடமாகச் சேர்த்த மூளை அலைப் பதிவுகளை முதலிலிருந்து அலச வேண்டிய வேலை வந்து சேர்ந்தது. அந்த வேலையைத் தலையில் கட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

நியூரோனஸ் என்பது மாணவர்களையும் இளம் ஆய்வாளர்களையும் மனதில் வைத்து நடத்தப்படும் மூளை ஆய்வு மாநாடு. அனைத்துலக மூளை ஆய்வு அமைப்பான இப்ரோவின் ஆதரவு அதற்கு உண்டு. எலியின் நியூரானை நுண்ணோக்கியில் பார்ப்பவர், மனிதர்களுக்கு நினைவாற்றல் சோதனை வைப்பவர், மருத்துவம் படிப்பவர், என்னைப் போல எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வழிதவறி மூளைக்குள் வந்தவர் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ். அமெரிக்க நரம்பறிவியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு 20,000 பேருக்கு மேல் கூடுவார்கள். அங்கே போய்வந்த சீனியர்கள், கழுத்தட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோகிறவர்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். அதனால், ஆய்வைச் சுருக்கிப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டும் என் போஸ்டர் முன்னால் யாராவது நின்றால் போதும் என்ற அளவில்தான் எதிர்பார்ப்பை வைத்திருந்தேன்.

முதல் நன்றி, விடுதியின் தம்பி தங்கைகளுக்கு. ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, ‘கண்ணை மூடு, கண்ணைத் திற’ என்று நான் சொன்னதையெல்லாம் செய்தவர்கள் நீங்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் ஒருவராவது பளபளவென்று வந்து நிற்பீர்கள். எண்ணெய்த் தோலில் மின்முனை ஒட்டாது, தடை ஏறிவிடும்; பிறகு விடுதிக்கு ஓடிப்போய் ஷாம்பு போட்டுக் குளித்து, ஈரம் காய்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். முடியில் ஒட்டிய ஜெல்லோடு அப்படியே மெஸ்ஸுக்குப் போய்க் கிண்டல் வாங்கியவர்களும் உண்டு. போஸ்டரில் உங்கள் பெயர் போடக்கூடாது என்பது விதி. எண்கள்தான் இருந்தன. அந்த எண்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

துறை அலுவலகத்து அண்ணனுக்கு: போனஃபைடு சான்றிதழில் கையெழுத்து வாங்க மூன்று மாடி ஏறி இறங்கியவர் நீங்கள்தான். ஐரோப்பாவுக்குப் போக வாங்கும் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று நான் சொன்னதும், ‘உன் தலையை அளக்கவே அவ்வளவு ஆகாதே’ என்றீர்கள். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பெங்களூரில், மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிமான்ஸில் இருக்கும் மூளை அருங்காட்சியகத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. பாடம் செய்த மனித மூளையைப் பார்வையாளர் கையில் கொடுக்கும் இடம் அது. திரையில் நெளியும் கோடுகளாக மட்டும் மூளையை அறிந்திருந்த எனக்கு, கையுறைக்குள் அந்தக் கனம் வந்து உட்கார்ந்தபோது வாயில் பேச்சு வரவில்லை. பொறியியலோடு நின்றுவிடாமல் இந்தப் பக்கம் வந்ததற்கு அந்த ஐந்து நிமிடம்தான் காரணம். இறந்தவரின் மூளையைத் தானமாகக் கொடுத்த, முகம் தெரியாத குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி கிராகோ. நான் இறங்கினேன், பெட்டியும் போஸ்டர் குழாயும் இறங்கவில்லை. விமான நிறுவனத்தின் கவுன்டரில் ஒரு படிவத்தைக் கொடுத்து ‘இரண்டு நாளில் வரும்’ என்றார்கள். என் முறை மறுநாள் காலை. க்ருப்னிச்சா தெருவில் இருக்கும் ஆடிட்டோரியம் மாக்சிமம் அரங்கத்துக்கு, போட்டிருந்த சட்டையோடு போய்ச் சேர்ந்தேன். பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த தன்னார்வலப் பெண் நான் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு ‘ஸ்போகொய்னியே’ என்றார். பதறாதே என்று பொருளாம். மேசையைப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்த ஊரில் நகலெடுக்கும் கடைகளுக்கு ‘க்ஸெரோ’ என்று பெயர். நம்மூர் ஜெராக்ஸ் கடையேதான். முதல் கடையில் பெரிய தாள் இல்லை. இரண்டாவது கடை பூட்டப் போகிற நேரம். கடைக்காரரிடம் அந்தப் பெண் போலிஷில் என்ன பேசினாரோ, பாதி இறங்கியிருந்த ஷட்டர் மறுபடி மேலே போனது. மின்னஞ்சலில் இருந்த கோப்பு ஏ-0 அளவில் மெல்ல மெல்ல வெளியே வந்தது. திரும்பும் வழியில், நீல வண்டியில் விற்கும் அப்வஜானெக் என்ற எள்ளு தூவிய வளைய ரொட்டி ஒன்றை வாங்கிக் கையில் திணித்தார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார். அவரும் முனைவர் பட்ட மாணவிதான். அதே மாநாட்டில் அவருக்கும் ஒரு போஸ்டர் இருந்தது. அதை நான் போய்ப் பார்க்கவே இல்லை. இந்த மடலில் எனக்கு வெட்கமான வரி இதுதான்.

என் போஸ்டரின் பொருள் எளிமையானது. கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது மூளையின் பின்பகுதியில் வினாடிக்கு 8 முதல் 13 முறை அடிக்கும் ஆல்ஃபா அலை தெளிவாகத் தெரியும். கண்ணைத் திறந்தால் அடங்கும். அந்த அடக்கத்தை வைத்து ஒருவர் கவனமாக இருக்கிறாரா என்று சொல்லும் நிரலை எழுதியிருந்தேன். அமைப்பாளர்களில் ஒருவர் தலைப்பைப் படித்துவிட்டுச் சிரித்தார். ‘இதை இந்த ஊருக்கா கொண்டுவந்தாய்?’ கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதே கிராகோவில், நெப்போலியன் சிபுல்ஸ்கி என்ற பேராசிரியரிடம் மாணவராக இருந்தவர் அடால்ஃப் பெக். முயல், நாய் ஆகியவற்றின் மூளையில் தானாகவே எழும் மின் அலைவையும், கண்ணில் வெளிச்சம் பட்டதும் அது அடங்குவதையும் கண்டு 1890-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 27. உடனே வியன்னாவிலிருந்து ஃப்ளைஷல் என்பவர், இதை நான் 1883-லேயே முத்திரையிட்ட உறையில் எழுதி வைத்துவிட்டேன் என்று வழக்காட வந்தார். கடைசியில் லிவர்பூலின் ரிச்சர்ட் கேட்டன், மூளையின் மின்னோட்டத்தை நான் 1875-லேயே அறிவித்தாயிற்று என்று எழுதி இருவர் வாயையும் அடைத்தார். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையிலிருந்து பதிவெடுத்தது 1924-இல்தான். பெக் 1942-இல், இன்றைய உக்ரைனில் இருக்கும் ல்வூவ் நகரில், நாஜிகள் பிடித்துப்போக வந்தபோது நஞ்சுண்டு இறந்தார். தேநீர்க் கோப்பை ஆறிப்போகும்வரை இதையெல்லாம் எனக்குச் சொன்ன அந்த அமைப்பாளர் நண்பருக்கு நன்றி. ஈஈஜி பாடத்தில் பெர்கர் பெயரை மட்டும் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.

இப்போது, பதிவுகளையெல்லாம் மறுபடி அலச வைத்த அந்தக் கேள்வி. உளவியல் படிக்கும் முதுகலை மாணவர் ஒருவர் போஸ்டரின் மூன்றாவது படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: ‘உங்கள் ஆட்களில் யாருக்காவது தூக்கம் வந்ததா?’

வந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏசி அறையில், கண்ணை மூடி உட்காரச் சொன்னால் யாருக்குத்தான் வராது? தூங்கி வழியும்போதும் ஆல்ஃபா குறையும். என் நிரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சொக்கி விழுந்தவரையெல்லாம் ‘கூர்ந்த கவனம்’ என்று குறித்து வைத்திருந்தது. என் வழிமுறைகளை ஆறு முறை திருத்திய நெறியாளர் மேடத்துக்கும் எனக்கும் இது தோன்றவில்லை, ஏனென்றால் நாங்கள் இருவருமே சமிக்ஞையைப் பார்த்தோம், நாற்காலியில் இருந்த ஆளைப் பார்க்கவில்லை. உளவியல் மாணவர் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு பக்கத்துப் போஸ்டரிலிருந்து வந்த, உறக்க ஆய்வு செய்யும் மருத்துவ மாணவர் ஒருவர் வழியும் சொன்னார்: நெற்றிப் பக்கத்து மின்முனைகளில் பாருங்கள், தூக்கம் தொடங்கும்போது கண்மணி மெதுவாக உருளும், அது அங்கே அகலமான அலையாகத் தெரியும். என் போஸ்டரின் பின்பக்கத்திலேயே பேனாவால் வரைந்து காட்டினார். அந்தப் படத்தை ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இருவருக்கும் நன்றி. பரிசு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால்தான் தப்பு. பெட்டி மூன்றாம் நாள் வந்தது.

விடுதித் தம்பி தங்கைகளுக்கு மட்டும் இன்னொரு வேண்டுகோள். அடுத்த மாதம் மறுபடியும் தொப்பி மாட்ட வேண்டியிருக்கிறது. இந்த முறை காலை எட்டரைக்கு வைத்துக்கொள்வோம், முந்தின இரவு நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள். எண்ணெய் வேண்டாம்.

நன்றியுடன்,
உங்கள் ஈஈஜி அண்ணன்