கோயில் மண்டபத்து ஐஸ்பெட்டி: ஞாயிறு சுத்தம்

வணக்கம். மண்டபத்துச் சின்ன ஐஸ்பெட்டியில் மேல்தட்டுக் கதவே மூடமுடியாத அளவுக்கு ஐஸ் கட்டிவிட்டது. வரும் ஞாயிறு, 14ஆம் தேதி காலை 8 மணிக்குச் சுவிட்சை அடைத்துக் கழுவுகிறோம்.

1. சனி இரவுக்குள் உங்கள் பொருள்களை எடுத்துவிடுங்கள். பெயர் எழுதாத டப்பாக்கள் குப்பைக்குத்தான், அந்தப் பழைய சம்பால் உட்பட.

2. கத்தியால் ஐஸைக் குத்தவே கூடாது. உள்ளே ஓடும் கேஸ் குழாய் ஓட்டையானால் பெட்டியே போச்சு. சுடுநீர்ப் பாத்திரம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் தானாக இளகும்.

3. துடைக்க 1 லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா. கதவு ரப்பர் மடிப்பில் கறுப்பாகப் பூஞ்சை. பழைய பல் துலக்கும் பிரஷ் தேவை.

4. வாளி, பழைய துண்டும் தேவை.

நான்கு பேர் போதும். வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள். இளைஞர்களே, உங்களைத்தான்!